பச்சை வாடல், மஞ்சள் வாடல்

வியட்நாமின் தெற்கு மேட்டுநிலத்தில், டா லாட் நகரைச் சுற்றியுள்ள லம் டோங் வட்டாரம் தக்காளிக்குப் பேர்போனது. அங்கே செழித்து நிற்கும் தக்காளிச் செடி ஒன்று திடீரென ஒரு நாள் உச்சி வெயிலில் நுனித் தழைகளைத் தொங்கப்போடும். மாலையில் நிமிர்ந்துவிடும். மறுநாளும் அப்படியே. அடுத்து வரும் ஒரு காலையில், இரவு முழுக்கக் குளிர்ந்த பிறகும் அது நிமிராது. இலையைத் தொட்டால் துவண்டிருக்கும். நிறமோ நேற்றிருந்த அதே பச்சை. ஒரு புள்ளி இல்லை, ஒரு பழுப்பு இல்லை. சில நாட்களில் செடி செத்துப்போகும். இதற்கு உழவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஹெவ் ஸாஞ்'. ஹெவ் என்றால் வாடுதல். ஸாஞ் என்றால் பச்சை. பச்சை மாறாமலே வாடுவது.

அந்தச் செடியின் தண்டை அடிப்பக்கத்தில் குறுக்காக அறுத்து, தெளிந்த நீர் உள்ள கண்ணாடி டம்ளரில் வெட்டுவாய் அமிழும்படி பிடித்தால், சில நிமிடங்களில் அங்கிருந்து வெள்ளையாகப் பால்நூல் போல ஒன்று நீருக்குள் இறங்கும். அந்த நூல் முழுவதும் பாக்டீரியா. ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் என்பது அதன் இன்றைய பெயர். அமெரிக்கத் தாவர நோயியலாளர் எர்வின் ஸ்மித் 1896-இல் இதை முதலில் விவரித்து எழுதினார். மண்ணில் காத்திருந்து, வேரில் உள்ள சிறு காயங்கள் வழியே நுழைந்து, நீர் மேலேறும் குழாய்களில் இது கோடிக்கணக்கில் பெருகும். பெருகும்போதே பிசின் போன்ற ஒரு சர்க்கரைப் பொருளைச் சுரக்கும். குழாய் அடைபடும். மண்ணில் ஈரம் இருந்தும் இலைக்கு நீர் வராது. இலைக்குப் பழுக்கக்கூட நேரம் கிடைப்பதில்லை. பச்சையம் சிதைவதற்கு முன்பே தண்ணீர் நின்றுவிடுகிறது. பெயரில் உள்ள 'பச்சை' சொல்வது இந்த வேகத்தைத்தான்.

வாழையில் வருவது வேறு. 'ஹெவ் வாங்', அதாவது மஞ்சள் வாடல். உலகமெங்கும் பனாமா நோய் என்று அறியப்படும் இதற்குக் காரணம் ஃப்யூசேரியம் என்ற பூஞ்சை. இதுவும் வேர் வழியே நுழைந்து அதே நீர்க்குழாய்களைத்தான் பிடிக்கிறது. ஆனால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடக்கும் முற்றுகை இது. மூத்த இலைகளின் விளிம்பு முதலில் மஞ்சளாகும். மஞ்சள் நடுநரம்பை நோக்கி நகரும். பிறகு இலைக்காம்பு முறிந்து, காய்ந்த இலைகள் தண்டைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கும். தண்டை அறுத்துப் பார்த்தால் குழாய்கள் செம்பழுப்பாக இருக்கும். பால்நூல் வராது.

இரண்டுமே நீர்க்குழாய் அடைபட்டு வரும் வாடல்தான். ஒன்று பாக்டீரியா, மற்றொன்று பூஞ்சை. இரண்டையும் பிரித்துச் சொல்ல ஆய்வகத்துக்கு நுண்ணோக்கி வேண்டும். வயலில் நிற்பவருக்கு ஒரே கேள்வி போதும்: வாடும்போது இலை பச்சையாக இருந்ததா, மஞ்சளாக இருந்ததா? வியட்நாமியத் தாவர நோயியல் நூல்களும் கிரேக்க, லத்தீன் வேர்களைத் தேடிப் போகாமல் வயலின் பெயர்களையே எடுத்துக்கொண்டன. பல்கலைக்கழகப் பாடநூலிலும் பூச்சிமருந்துக் கடையிலும் ஒரே சொல் ஓடுகிறது. இதை நான் மிகவும் மதிக்கிறேன். அறிவியல் ஒரு மொழிக்குள் வேர்விடுவது இப்படித்தான் இருக்க வேண்டும்.

மொழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டு மேலே போகலாம். வியட்நாமியத்தில் சொற்கள் உருமாறுவதில்லை. வேற்றுமை உருபு இல்லை, கால விகுதி இல்லை. பெரும்பாலும் ஓரசைச் சொற்கள். அடைமொழி பின்னால் வரும். ஆகவே ஒரு வாடலுக்குப் பின்னால் ஒரு நிறத்தை வைக்கலாம், ஒரு நிலையை வைக்கலாம், இடத்தை வைக்கலாம். அந்த ஓரசைகளைப் பிரித்துக் காட்டுவது தொனி. வடக்கில் ஆறு தொனிகள் உண்டு. தமிழ் எழுத்தால் தொனியைக் காட்ட முடியாது என்பதால் இந்த அத்தியாயத்தில் வரும் ஒலிப்புகளை உத்தேசமாகவே கொள்ள வேண்டும். எந்த மொழியில் வாடலுக்கு அதிகச் சொல் என்று எண்ணிப் பார்க்கும் ஆசையையும் விட்டுவிடுவோம். வாடு, வதங்கு, துவள், கருகு, சாம்பு, உலர் என்று நம்மிடமும் குறைவில்லை. வியட்நாமியச் சொற்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போது, செடி எதை இழந்தது என்பதை ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சொல்கிறது. அழுத்தம், நிறம், நீர், உருவம், பிடிப்பு, காலம் என்று அவ்வளவும் தாவர உடலியலின் தனித்தனி அத்தியாயங்கள்.

ஹெவ் என்பது அழுத்தத்தின் இழப்பு. தக்காளி இலைக்கு எலும்பு இல்லை. மரக்கட்டையும் அதில் மிகக் குறைவு. அது விறைத்து நிற்பது நீரின் அழுத்தத்தால். ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் நீர் நிரம்பிய பை ஒன்று இருக்கிறது. அதில் கரைந்திருக்கும் உப்புகளும் சர்க்கரைகளும் வெளியிலிருந்து நீரை இழுக்கின்றன. பை உப்பி உயிரணுச் சுவரைத் தள்ளுகிறது. நன்றாக நீர் குடித்த இலையில் இந்த அழுத்தம் கார் டயரில் அடைக்கும் காற்றழுத்தத்தைவிட இரண்டு மூன்று மடங்கு இருக்கும். வேர் தருவதைவிட இலை ஆவியாக்குவது கூடும்போது பை சுருங்கி, சுவரின் மீதுள்ள தள்ளுவிசை பூச்சியமாகும். இலை தொங்கும். உயிரணு இன்னும் சாகவில்லை. அதனால்தான் தக்காளி மாலையில் நிமிர்கிறது.

தொங்குவதற்குத் தனிச் சொல் உண்டு: 'ரூ'. வாடியது நிலைகுலைந்து தலைசாய்வது. 'ஹெவ் ரூ' என்று சேர்த்தால், செடி மொத்தமும் துவண்டு சரிந்துவிட்டது என்று பொருள். நிலக்கடலையில் வரும் இரண்டு நோய்களின் பெயர்கள் இதிலிருந்து எழுந்தவை. ஒன்றின் பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்தால் 'வாடிச் சரிதல், அடியில் வெள்ளைப் பூஞ்சணம்'. மற்றது 'வாடிச் சரிதல், அடியில் கறுப்புப் பூஞ்சணம்'. முதலாவது ஸ்கிளெரோஷியம் என்ற பூஞ்சையின் வேலை, இரண்டாவது ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரின் வேலை. மேலே செடி எப்படித் தெரிகிறது, கீழே குனிந்து மண்ணை விலக்கினால் என்ன தெரியும் என்று இரண்டையும் பெயரே சொல்லிவிடுகிறது.

'ஊஅ' என்ற சொல் நிறத்தின் இழப்பு. இலை பழுப்பது, புல் மஞ்சளிப்பது, பழைய காகிதம் நிறம் மங்குவதுகூட ஊஅதான். விறைப்பாக நிற்கும் இலையும் ஊஅ ஆகலாம். துவண்ட இலை ஊஅ ஆகாமலும் இருக்கலாம், ஹெவ் ஸாஞ் போல. இந்தப் பிரிவினை உடலியலில் மிகச் சரியானது. வாடல் இயற்பியல், மஞ்சளாவது வேதியியல். அதுவும் செடியே முனைந்து செய்யும் வேதியியல். இலையில் உள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி ஒளிச்சேர்க்கைக்கான புரதங்களில்தான் முடங்கிக் கிடக்கிறது. மூத்த இலை இனி லாபமில்லை என்றானதும், செடி அந்தப் புரதங்களை உடைத்து நைட்ரஜனை இளந்தளிருக்கும் விதைக்கும் அனுப்புகிறது. பச்சையத்தை அப்படியே விட்டுவைத்தால் அது ஒளியை வாங்கி உயிரணுவையே பொசுக்கும். எனவே அதையும் படிப்படியாக நிறமற்றதாக்குகிறது. முன்பே உள்ளே இருந்த கரோட்டினாய்டுகளின் மஞ்சள் அப்போது வெளியே தெரிகிறது. நைட்ரஜன் நகரக்கூடியது என்பதால் அதன் பற்றாக்குறை மூத்த இலையில் தொடங்கும். இரும்புச்சத்து எளிதில் நகராது என்பதால் அதன் பற்றாக்குறை தளிரில் தொடங்கும். எந்த இலை முதலில் ஊஅ ஆனது என்று கேட்பது பாதி மண் பரிசோதனைக்குச் சமம்.

'கோ' என்பது உலர்தல். காற்று கலந்த ககரத்தோடு ஒலிக்கும் இது, பட்டுப்போன மரத்தைக் குறிக்கும் சீனச் சொல்லிலிருந்து வந்தது. வியட்நாமியத்தில் அதன் எல்லை விரிந்து கருவாடு, வறண்ட பருவம், காய்ந்த துணி எல்லாவற்றுக்கும் ஆகிவிட்டது. ஹெவ் திரும்பக்கூடும், கோ திரும்பாது. இந்த இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் கோடு போட விஞ்ஞானிகள் நிறைய உழைத்திருக்கிறார்கள். 1912-இல் பிரிக்ஸ், ஷான்ட்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பலவகை மண்ணில் செடிகளை வளர்த்து, எவ்வளவு ஈரத்தில் செடி மீளாமல் வாடுகிறது என்று அளந்தார்கள். இன்று நிலையான வாடல் எல்லை என்று வழங்குவது, மண் நீரைப் பிடித்துவைக்கும் விசை ஏறத்தாழ 15 வளிமண்டல அழுத்தத்தை எட்டும் நிலை. சூரியகாந்தியை வைத்து நிலைநிறுத்தப்பட்ட அளவு இது. அந்த எல்லைக்கு அப்பால் மண்ணில் நீர் இல்லாமல் இல்லை. களிமண்ணில் கணிசமாகவே இருக்கும். வேரால் அதை உறிஞ்ச முடியாது, அவ்வளவுதான்.

மேக்கோங் கழிமுகத்தில் அந்த முரண் இன்னொரு வடிவில் வருகிறது. வறட்சிக் காலத்தில் ஆற்றின் ஓட்டம் குறைந்ததும் கடல் உள்ளே ஏறும். 2016-இலும் 2020-இலும் கடலிலிருந்து பல பத்து கிலோமீட்டர் தூரத்துக்கு ஆறுகளும் வாய்க்கால்களும் உப்பாகின. இந்த நிலைமைக்குச் செய்தித்தாள்களும் மக்களும் வழங்கும் சொல் 'ஹான் மன்'. ஹான் வறட்சி, மன் உப்பு. வயலில் தண்ணீர் தளும்பும்போதே பயிர் தாகத்தில் வாடுவதால் இரண்டையும் பிரிக்காமல் சொல்வது பொருத்தம். உப்பு கரைந்த நீர் வேருக்குள் வர மறுக்கும். வந்த கொஞ்ச நீரோடு உப்பும் ஏறி, ஆவியாதல் முடியும் இடத்தில், அதாவது இலையின் நுனியிலும் விளிம்பிலும் படிந்துவிடும். டுரியான், ரம்புத்தான் தோப்புகளில் இலையின் ஓரம் நெருப்பு பட்டதுபோல் கருகுவது இதனால். அந்தக் கருகலுக்குச் சொல் 'சய்', எரிதல்.

எரிதல் என்ற சொல்லை நெல் வயலில் இன்னும் அதிகமாகக் கேட்கலாம். பாக்டீரியாவால் வரும் இலைக்கருகல் நோயை எடுத்துக்கொள்வோம். இலையின் ஓரத்தில் அலையலையாகக் கோடு விழுந்து, உள்நோக்கி வெளுத்துக் காயும். வடக்கே இதன் பெயர் 'பாக் லா', வெள்ளி இலை. தெற்கே 'சய் பீஅ லா', இலையோர எரிச்சல். ஒரே நுண்ணுயிர், ஒரே இலை. வடக்கின் கண்ணுக்கு வெளுப்புப் பட்டது, தெற்கின் கண்ணுக்கு நெருப்பு. வட்டார வழக்கு எழுதும் அகராதிக்காரர்களைப் போலவே வேளாண் விரிவாக்க அலுவலர்களும் இரண்டையும் தெரிந்துவைத்திருக்க வேண்டியிருக்கிறது.

தண்டுத்துளைப்பான் புழு செய்யும் சேதத்துக்கும் இரண்டு பெயர். அவை இடத்தால் வந்தவை அல்ல, காலத்தால் வந்தவை. பயிர் தூர்கட்டும் பருவத்தில் புழு உள்ளே புகுந்தால் நடுக்குருத்து மட்டும் வாடி, இழுத்தால் கையோடு வரும். இது 'நோன் ஹெவ்', குருத்து வாடல். கதிர் வரும் பருவத்தில் புகுந்தால், கதிர் நிமிர்ந்து நிற்கும், ஒரு மணிகூடப் பால் பிடித்திருக்காது, முழுதும் வெளுத்திருக்கும். இது 'போங் பாக்', வெள்ளிக் கதிர். நம் உழவர்கள் வெண்கதிர் என்பார்கள். முதல் நிலையில் பயிர் வேறு தூர் வெடித்து ஈடுகட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. இரண்டாவதில் அந்த வாய்ப்பு இல்லை.

இவற்றையெல்லாம் விடப் பெரிய அச்சம் 'சய் ரய்'. ரய் என்பது தத்துப்பூச்சி. பழுப்புத் தத்துப்பூச்சிகள் நெல்லின் அடித்தூரில் கூட்டமாக ஒட்டிச் சாற்றை உறிஞ்சுகின்றன. சாறு இழந்த பயிர் வட்ட வட்டமாகப் பழுத்து, சில நாட்களில் தீ வைத்த திட்டு போல் காய்ந்துபோகும். தஞ்சை உழவர் இதே பூச்சிக்கு வைத்த பெயர் புகையான். இரு நாட்டு உழவர்களும் ஒருவரை ஒருவர் கேட்காமலே நெருப்பையும் புகையையும் நினைத்திருக்கிறார்கள்.

1977-ஐ ஒட்டிய பருவங்களில் மேக்கோங் கழிமுகத்தில் இந்த எரிச்சல் பரவியபோது, அதுவரை எதிர்த்து நின்ற உயர் விளைச்சல் ரகங்கள் புதுவகைத் தத்துப்பூச்சி முன் தோற்றன. போர் முடிந்து சில ஆண்டுகளே ஆன நாடு; உணவுக்குத் தட்டுப்பாடு. கன் தோ பல்கலைக்கழகத்தில் இருந்த வேளாண் விஞ்ஞானி வோ தோங் சுவான், பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ஐ.ஆர்.36 என்ற ரகத்தின் சில கிராம் விதையைத் தருவித்தார். குத்துக்கு ஒரே நாற்று வீதம் நட்டு அதை வேகமாகப் பெருக்கினார். பிறகு பல்கலைக்கழக நிர்வாகத்தைச் சம்மதிக்கவைத்து வகுப்புகளை இரண்டு மாதம் நிறுத்தி, ஆளுக்குக் கொஞ்சம் விதையோடு மாணவர்களைக் கழிமுக ஊர்களுக்கு அனுப்பினார். நாற்றங்கால் போடவும், ஒற்றை நாற்று நடவும் அவர்கள் உழவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சில பருவங்களில் கழிமுகம் அந்த ரகத்துக்கு மாறியது. 1993-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது, 2024-இல் காலமானார். பஞ்சாபில் பிறந்த குர்தேவ் குஷ் உருவாக்கிய ஐ.ஆர்.36-இன் வம்சாவளியில், திரூர்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம்.6-உம், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பட்டாம்பி நிலையத்தின் ரகங்களும் உண்டு. மேக்கோங் வயலை நெருப்பிலிருந்து மீட்ட நெல்லில் திருவள்ளூர்ப் பக்கத்து ரத்தமும் கலந்திருக்கிறது என்பது நமக்குப் பெருமையான செய்தி.

மிளகுக் கொடியின் வாடலுக்கு வியட்நாமியர்கள் வாடல் என்ற சொல்லையே பயன்படுத்துவதில்லை. 'சேத் ஞாஞ்', 'சேத் சம்' என்கிறார்கள்: விரைவுச் சாவு, மெதுச் சாவு. 'சேத்' என்றால் சாதல். தமிழ்க் காதுக்கு 'செத்து' என்றே கேட்கும். ஆனால் இது தற்செயல். வியட்நாமியம் ஆஸ்திரோ ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது, இந்தச் சொல்லும் அந்தக் குடும்பத்துக்கு உரியது. விரைவுச் சாவுக்குக் காரணம் ஃபைட்டாஃப்தோரா. பூஞ்சை போலத் தோன்றினாலும் உண்மையில் பாசிகளின் தூரத்து உறவு. இதன் வித்துகளுக்கு வால் உண்டு. மழைநீர் தேங்கிய மண்ணில் நீந்திப் போய் வேரையும் அடித்தண்டையும் பிடிக்கும். உழவர் கவனிக்கும்போது கீழே எல்லாம் அழுகி முடிந்திருக்கும்; இலைகள் பச்சையாகவே வாடி உதிர, கொடி சில வாரங்களில் வெறுங்கயிறாகும். மெதுச் சாவில் நூற்புழுக்கள் வேரைத் துளைக்கின்றன, அந்தத் துளை வழியே பூஞ்சைகள் வருகின்றன. கொடி ஆண்டுக்கணக்கில் மஞ்சளித்து, காய்ப்பு குறைந்து, தேய்ந்து சாகிறது. மத்திய மேட்டுநிலத்தின் யா லாய் பகுதியில் மிளகு விலை உச்சத்தில் இருந்தபோது காபித் தோட்டங்களை அழித்து நெருக்கமாகக் கொடி நட்டவர்கள், பிறகு இந்த இரண்டு சாவுகளாலும் கடனில் மூழ்கினார்கள். உலகில் மிக அதிகமாக மிளகு ஏற்றுமதி செய்யும் நாடு இன்று வியட்நாம். பெயரிலேயே வேகத்தை வைத்திருப்பது அங்கே நடைமுறைக்கு உதவுகிறது. விரைவுச் சாவுக்கு வடிகால் வெட்ட வேண்டும், அதுவும் மழைக்கு முன்பே. மெதுச் சாவுக்கு வேரையும் மண்ணையும் ஆண்டு முழுவதும் கவனிக்க வேண்டும்.

உருவத்தின் இழப்பைச் சொல்லும் 'க்வத்' என்ற சொல்லை விரைவாகப் பார்த்துவிடலாம். நீர் போனபின் தோல் சுருங்கிச் சிறுத்துப்போவது. காயும் க்வத் ஆகும், முதியவர் முகமும் ஆகும். இரட்டித்து 'க்வத் க்வெவ்' என்றால் சுருங்கி முறுக்கிக்கொண்டது. நம் 'கலகல', 'சிலுசிலு' போல ஓசையை இரட்டித்துப் பொருளைக் கூர்மையாக்குவது வியட்நாமியத்தின் பெரிய வளம். வளர்ச்சி குன்றிய நாற்றுக்கும் நோஞ்சான் குழந்தைக்கும் 'கொய் கொக்'. புயலுக்குப் பின் கிழிந்து நிற்கும் தோப்புக்கு 'ஸோ ஸாக்'. தலைதொங்கிய செடிக்கும் முகம் தொங்கிய மனிதருக்கும் 'ஊ ரூ'. ஹெவ் என்ற சொல்லே மனிதரிடம் வரும்போது துணையைச் சேர்த்துக்கொள்ளும்: துயரத்தில் உடல் உருகுவது 'ஹெவ் ஹொன்', உயிரற்ற புன்னகை 'ஹெவ் ஹத்'.

வாடல் எப்போதும் கேடு அல்ல. தெற்கே புத்தாண்டுக்கு 'பான் தேத்' என்ற பசையரிசிப் பலகாரத்தை வாழையிலையில் உருட்டிக் கட்டுவார்கள். அதற்கு முன் இலையை வெயிலில் வாட்டுவது கட்டாயம். நம் வீடுகளில் கட்டுச்சோற்றுக்கு இலையை அனலில் வாட்டுவதும் இதே காரணத்துக்காக. விறைப்பான இலை மடித்தால் நரம்போடு கிழியும். அழுத்தத்தை இறக்கிவிட்டால் துணி போல மடங்கும். தேயிலையிலும் முதல் படி 'லாம் ஹெவ்', வாடவைத்தல். நீலகிரி ஆலைகளிலும் அதுவே முதல் படி. பறித்த கொழுந்தின் எடையில் முக்கால் பங்கும் அதற்கு மேலும் நீர். காற்றோட்டத்தில் பரப்பி அதில் ஒரு பகுதியைப் போக்கினால் இலை நொறுங்காமல் சுருட்ட வரும். உயிரணுச் சவ்வுகள் தளர்ந்து நொதிகள் வேலையைத் தொடங்கும். மணத்துக்கான பொருள்கள் உருவாகத் தொடங்கும். கறுப்புத் தேநீரின் வாசனையில் கணிசமான பங்கு இந்த வாடலில்தான் பிறக்கிறது.

இனிப் பிடிப்பின் இழப்பு. 'ருங்' என்றால் உதிர்தல். இலை உதிர்வது, காய் உதிர்வது, பல் விழுவது எல்லாம் ருங். இலைக்காம்பின் அடியில் மெல்லிய ஓர் அடுக்கு உயிரணுக்கள் உண்டு. இலையிலிருந்து ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் இறங்கிக்கொண்டிருக்கும் வரை அந்த அடுக்கு அமைதியாக இருக்கும். ஆக்சின் குறைந்து எத்திலின் வாயு கூடும்போது அடுக்கின் சுவர்கள் கரைந்து, சிறு காற்றில் இலை கழன்றுவிடும். ஹனோயில் பல சாலை மரங்கள் இலை உதிர்ப்பது குளிர்காலத்தில் அல்ல, மார்ச், ஏப்ரல் மாதங்களில். பழைய இலை மஞ்சளாகக் கொட்டும்போதே கிளையில் தளிர் வந்திருக்கும்.

இந்த உதிர்தலை ஆயுதமாக்கிய வரலாறும் வியட்நாமுக்கு உண்டு. 1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானப்படை அந்நாட்டின் தென்பகுதிக் காடுகள் மீதும் வயல்கள் மீதும் 7 கோடி லிட்டருக்கு மேல் களைக்கொல்லிகளைத் தெளித்தது. அவற்றில் மிகுதியாகப் பயன்பட்டது, பீப்பாயில் தீட்டிய பட்டையின் நிறத்தால் ஏஜென்ட் ஆரஞ்சு என்று பெயர் பெற்ற கலவை. அதிலிருந்த இரண்டு வேதிப்பொருள்களும் செயற்கை ஆக்சின்கள். இயற்கை ஆக்சினைச் செடி தேவைக்கேற்பச் சிதைத்துக்கொள்ளும். இவற்றை அவ்வளவு எளிதில் சிதைக்க முடியாது. தண்டு முறுக்கிக்கொள்கிறது, இலை சுருள்கிறது, எத்திலின் பொங்குகிறது, முழுக் காடும் உதிர்கிறது. கலவையில் மாசாக இருந்த டையாக்சின் மண்ணில் தங்கி மனித உடலுக்குள் போனது. அந்தத் துயரம் தலைமுறை தாண்டியும் தீரவில்லை. சோயா மொச்சை விரைவில் பூக்க ஒரு வேதிப்பொருளைச் சோதித்து, அளவு கூடினால் இலை உதிர்வதைக் கண்டவர் ஆர்தர் கால்ஸ்டன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர். 1943-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வு அது. உதிர்க்கும் வேதிப்பொருள்களைப் போருக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கப் பின்னாளில் அவரே முன்னின்று போராடினார். சூழற்கொலை என்ற கருத்தை 1970-இல் உலகின் முன் வைத்தவரும் அவர்தான்.

மேட்டுக்காடுகள் ஒருமுறை தெளிப்பைத் தாங்கித் துளிர்த்தன. அலையாத்திக் காடுகள் ஒரே தெளிப்பில் செத்தன. தென் வியட்நாமின் அலையாத்திப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிந்தது. சைகோன் நகருக்குத் தெற்கே உள்ள கன் யோ சதுப்பில் அடிக்கட்டைகளே எஞ்சின. 1978 முதல், ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாறிய சைகோனின் மக்கள் கா மாவ் முனையிலிருந்து சுரபுன்னை நாற்றுக்காய்களைப் படகில் கொண்டுவந்து சேற்றில் கையால் ஊன்றினார்கள். 2000-இல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மறுபடி நட்டு வளர்த்த காடு அந்தப் பட்டியலில் இடம்பெறுவது சாதாரணமானது அல்ல.

கடைசியாக 'தான்' என்ற சொல். இதுவும் சீனத்திலிருந்து வந்தது. காலம் முடிந்து தேய்தல். பூவுக்கு ஹெவ் என்றும் சொல்லலாம், தான் என்றும் சொல்லலாம். தண்ணீர் ஊற்றினால் மீளும் பூ ஹெவ். எத்தனை ஊற்றினாலும் மீளாத பூ தான். விழா முடிவதும் நெருப்பு அணைவதும் தான். ஊதுவத்திச் சாம்பல் 'தான் ஞாங்'. முகத்தில் தெளித்தாற்போல் இருக்கும் பழுப்புப் புள்ளிகளுக்கும் அதே பெயர். கவிஞர் சே லான் வியன் 1937-இல், தம் பதினேழாவது வயதில், அழிந்துபோன சம்பா அரசின் செங்கல் கோபுரங்களை நினைத்து எழுதிய முதல் தொகுப்புக்கு இந்தச் சொல்லையே தலைப்பில் வைத்தார்: 'டியூ தான்'.

பூவின் முடிவும் செடி தானே எழுதிவைத்த திட்டம்தான். காலையில் வெள்ளையாகப் பூத்து, நண்பகலில் இளஞ்சிவப்பாகி, மாலையில் கருஞ்சிவப்பாகச் சுருளும் ஒருவகைச் செம்பருத்தியை வியட்நாமியர்கள் 'ஃபூ ஸுங்' என்பார்கள். நிறம் மாறுவது, அந்தோசயனின் என்ற நிறமி மணிக்கு மணி கூடுவதால். நம் வீடுகளில் பிரம்மகமலம் என்று சொல்லி இரவெல்லாம் விழித்துப் பார்க்கும் கள்ளிப்பூவை அங்கேயும் அப்படியே விழித்திருந்து பார்க்கிறார்கள். விடிந்தால் அது தொங்கிப்போயிருக்கும். இரவில் பறக்கும் மகரந்தச் சேர்க்கையாளருக்காகத் திறந்த கடை அது. பகலில் அந்த அகலமான இதழ்களுக்கு நீர் கொடுத்து நிறுத்தி வைப்பது செடிக்கு நஷ்டம். இதழில் உள்ள சர்க்கரையையும் நைட்ரஜனையும் இயன்றவரை திரும்ப எடுத்துக்கொண்டு மூடிவிடுகிறது.

இந்தத் திட்டத்துக்குள் கைவைத்து நாளைக் குறிப்பவர்கள் தென் வியட்நாமின் 'மாய்' மர வளர்ப்பாளர்கள். சந்திரப் புத்தாண்டான தேத் அன்று வீட்டு முன்னால் மஞ்சள் மாய் பூத்திருந்தால் அந்த ஆண்டு நன்றாக இருக்கும் என்பது நம்பிக்கை. ஒரு வாரம் முந்திப் பூத்துத் தான் ஆகிவிட்டால் மரத்தை வாங்க ஆள் வராது. எனவே பன்னிரண்டாம் சந்திர மாதத்தின் நடுவில் மரத்தின் அத்தனை இலைகளையும் கையால் கிள்ளி எறிகிறார்கள். இலைகள் அனுப்பிக்கொண்டிருந்த தடுப்புச் சமிக்ஞை நின்றதும், உறங்கிக்கொண்டிருந்த மொட்டுகள் பருக்கத் தொடங்கும். மொட்டு பருத்திருந்தால் கிள்ளுவதைச் சில நாள் தள்ளிப்போடுவார்கள். சிறுத்திருந்தாலோ குளிர் நீடித்தாலோ முன்கூட்டியே கிள்ளுவார்கள். கிள்ளிய பிறகு வெயில் ஏறினால் நீரைக் குறைத்து நிழலில் வைப்பார்கள். குளிர் வந்தால் வெதுவெதுப்பான நீர் ஊற்றுவார்கள். முதல் நாள் காலையில் விரியும் ஐந்திதழ்ப் பூ இரண்டு மூன்று நாட்களில் உதிரும். அடுத்த வரிசை மொட்டுகள் தொடர்ந்து விரிய வேண்டும் என்பதால், எந்தக் கிளையில் எத்தனை வயது மொட்டு இருக்கிறது என்று பார்த்து, ஒரே மரத்தில் கிளைக்குக் கிளை வேறு வேறு நாளில் இலை கிள்ளுபவர்களும் உண்டு.